ராட்னெஸ்ட் தீவைச் சைக்கிளில் சுற்ற: முதலில் காற்று, பிறகு வழி

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் கடற்கரையில் நின்று மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக ஒரு கோடு தெரியும். அதுதான் ராட்னெஸ்ட். பெர்த்தின் துறைமுக ஊரான ஃப்ரீமேன்டிலிலிருந்து சுமார் 18 கி.மீ. அந்த நிலத்துக்கு உரிய வாஜுக் நூங்கர் மக்கள் அதை வாஜெமப் என்கிறார்கள். 1917இல் ‘ஏ’ வகுப்புக் காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் காரைக் கொண்டுவர முடியாது. சாலையில் ஓடுபவை தீவின் பேருந்தும் பராமரிப்பு வண்டிகளும்தான். நல்ல தார்ச்சாலை, இரண்டு பக்கமும் கடலோரப் புதர்க்காடு, திரும்பிய பக்கமெல்லாம் சைக்கிள்.

தீவின் நீளம் 11 கி.மீ., அகலம் மிஞ்சிப்போனால் நாலரை. முழுச் சுற்று சுமார் 22 கி.மீ. இந்த எண்ணைப் பார்த்து ‘இரண்டு மணி நேர வேலைதானே’ என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். தூரம் குறைவுதான். ஆனால் நிழல் கிடையாது, சாலை ஏறி இறங்கி ஏறி இறங்கியே போகும், குடியிருப்பை விட்டால் குடிதண்ணீருக்கு எதையும் நம்ப முடியாது. எல்லாவற்றுக்கும் மேல் காற்று. எந்தப் பக்கம் முதலில் போவது என்பதை இங்கே காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோடையில், அதாவது இங்கே டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வழக்கமான நாளில் காலையில் வீசுவது நிலத்துப் பக்கமிருந்து வரும் கிழக்குக் காற்று. நண்பகல் தாண்டியதும் தென்மேற்கிலிருந்து கடல்காற்று ஏறும். வெயிலில் வெந்துகிடக்கும் ஊருக்கு மருந்து போல வருவதால் அதற்கு ‘ஃப்ரீமேன்டில் டாக்டர்’ என்றே பெயர். உள்நாட்டு மண் சூடேறி அதன்மேல் உள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று பாய்கிறது. 15 முதல் 20 நாட் வேகம் சாதாரணம். 20 நாட் என்றால் மணிக்கு 37 கி.மீ. சமதரையில் 18 கி.மீ. வேகத்தில் நிம்மதியாக மிதிக்கிறவர் அதற்கு எதிரே போனால் 10, 11க்கு இறங்கிவிடுவார். நல்ல நீளமான இறக்கத்தில்கூட மிதித்துத்தான் ஆக வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு காற்றையும் முதுகில் வாங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. காலையில் தெற்குக் கரை வழியாக மேற்கே போய், மதியத்துக்கு மேல் வடக்குக் கரை வழியாகக் கிழக்கே திரும்புவது. வரைபடத்தில் பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசை. இந்தத் திசைக்கு இன்னும் இரண்டு லாபம் இருக்கிறது. தெற்குக் கரை விரிகுடாக்கள் தென்மேற்குக் காற்றுக்கு நேராகத் திறந்து கிடப்பவை. காலையில் கண்ணாடி போல இருக்கும் தண்ணீர் மதியம் கலங்கிவிடும். வடக்குக் கரைக்குத் தீவே மறைப்பு, அங்கே மதியமும் குளிக்கலாம். இன்னொன்று, ஆஸ்திரேலியாவில் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். கடிகார முள் திசையில் சுற்றும்போது உங்கள் இடப்பக்கம் எப்போதும் கடல். எந்த விரிகுடாவில் நிறுத்தினாலும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் நாள்களும் உண்டு. வெப்ப அலை அடிக்கும் நாள்களில் கிழக்குக் காற்று மதியமும் விடாது. டாக்டர் சாயங்காலம் தாமதமாக வரும், அல்லது வராமலே போகும். அன்று திரும்பும் வழி முழுக்கச் சூடான காற்று முகத்தில் அடிக்கும். அப்படிப்பட்ட நாளில் மேற்கு முனையை விட்டுவிட்டு, கீழே சொல்லப்போகும் ஏரி வழியோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. குளிர்காலத்தில் கணக்கே வேறு. குளிர்முகப்பு, அதாவது மழையோடு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, நெருங்கும்போது வடமேற்குக் காற்று, அது கடந்துபோனதும் மழைத் தூறலோடு தென்மேற்குக் காற்று. இரண்டிலும் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. கால் புதிதாக இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிடுவதால் அதுவும் மோசமில்லை. வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் மட்டும் குளிக்கத் தெற்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆஸ்திரேலிய வானிலைத் துறைக்குத் தீவிலேயே நிலையம் இருக்கிறது. முந்தின இரவு ராட்னெஸ்டுக்கென்று வரும் காற்று அளவைப் பாருங்கள். பெர்த் நகரத்துக்குள் அளந்த எண் இங்கே உதவாது. திறந்த கடலில் காற்று எப்போதும் ஒரு படி கூடத்தான்.

மொத்தத்தில் ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபரும் மிதிக்க மிக நல்லவை. ஜனவரிப் பள்ளி விடுமுறையில் வருவதானால் முதல் படகிலேயே வந்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சைக்கிள் தொடுகிறவர்கள் வாடகை வண்டியில் இறக்கத்தில் மூன்று பேர் அருகருகே வருவதுதான் தீவில் உண்மையான ஆபத்து.

முழுச் சுற்று

படகு நிற்பது கிழக்குக் கரையில், தாம்சன் விரிகுடாவில். துறையில் இறங்கியதும் இடப்பக்கம், தெற்கே. தண்ணீர்ப் புட்டிகளை இங்கேயே நிரப்பிவிடுங்கள். கோடையில் ஆளுக்கு 3 லிட்டர், மற்ற காலத்தில் 2. ‘வழியில் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற எண்ணமே வேண்டாம்.

கிங்ஸ்டவுன் படைமுகாமைத் தாண்டியதும் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். முதல் அரை மணி நேரத்தில் வரும் மேடுகள் சின்னவைதான், ஆனால் அடுத்தடுத்து வரும். பார்க்கர் பாயின்டில் கட்டாயம் இறங்குங்கள். லீவின் நீரோட்டம் வடக்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவருவதால், இவ்வளவு தெற்கே இருந்தும் இங்கே பவளம் வளர்கிறது. பக்கத்தில் லிட்டில் சாமன் விரிகுடாவில் தண்ணீருக்கடியில் விளக்கப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். மூச்சுக்குழாயும் கண்ணாடியும் இருந்தால் வாசித்துக்கொண்டே நீந்தலாம். அதை ஒட்டி சாமன் விரிகுடா. நீண்ட வெள்ளை மணல், ஓரமாகச் சமதரைச் சாலை. வெகுதூரம் போகத் திட்டமிடுகிறவர்கள் இங்கே அதிக நேரம் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்கார வைக்கிற இடம் அது.

அடுத்து வலப்பக்கம் வாஜெமப் குன்றுக்குப் பிரியும் வழி. தீவிலேயே உயரமான இடம், ஆனாலும் 45 மீட்டருக்குப் பக்கம்தான். அதன் மேல் 1896இல் கட்டிய கலங்கரை விளக்கம். ஏற்றம் குறுகியது, செங்குத்தானது. முன்பல்சக்கரம் 34, பின்னால் 32 அல்லது 34 பல் இருக்கும் டூரிங் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். வாடகை வண்டியில் பாதியில் இறங்கித் தள்ளுகிறவர்கள்தான் அதிகம், அதில் ஒரு தப்பும் இல்லை. மேற்கு முனை வரை போவதானால் இதை இன்று விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ரிக்லண்ட் விரிகுடாவில் அலைச்சறுக்கு ஆட்கள் இருப்பார்கள். அதற்குப் பிறகு சாலை மேற்கே இழுத்துக்கொண்டே போய் நேரோ நெக்கில் ஒடுங்கும். தீவின் இடுப்பு அது. வடக்கு வழியில் வந்தாலும் தெற்கு வழியில் வந்தாலும் இந்த இடுப்பைக் கடந்துதான் மேற்கு முனைக்குப் போக முடியும். மேட்டில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காற்று ஏறிய நாளில் ஒரு பக்கம் கடல் வெள்ளை நுரையாகப் பாறையில் மோதும். திரும்பி மறுபக்கம் பார்த்தால் ராக்கி விரிகுடா பச்சைக் கண்ணாடி போல அசையாமல் கிடக்கும். காற்று எந்தப் பக்கம் என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் காட்டாது. தென்மேற்குக் காற்று இங்கே பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். பை தொங்கும் வண்டியானால் கைப்பிடியின் கீழ்ப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஓரத்துக்கு ஒரு முழம் இடம் விட்டு ஓட்டுங்கள்.

நேரோ நெக்தான் நேரம் பார்க்கும் இடமும். படகுக்கு இன்னும் மூன்று மணி நேரம் கையில் இல்லையென்றால் இங்கேயே திரும்பிவிடுங்கள். இருக்கிறதென்றால் தாராளமாகப் போகலாம். கதீட்ரல் ராக்ஸில் நீள்மூக்குக் கடல்நாய்கள் தண்ணீரில் மல்லாந்து, துடுப்பை மேலே தூக்கிக்கொண்டு மிதக்கும். விளையாட்டுப் போலத் தெரிந்தாலும், உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளத்தான் அப்படிச் செய்கின்றன. கேப் விளாமிங் முனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு மரப்பாதையில் நடங்கள். பாதையை விட்டு மணலில் கால் வைக்காதீர்கள். அடியில் ஷியர்வாட்டர் கடற்பறவைகளின் வளைகள் இருக்கின்றன. ஒரு மனிதக் கால் பட்டால் மேல்மண் சரிந்து, உள்ளே இருக்கும் குஞ்சு புதைந்துவிடும். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே திரும்பும் ஹம்ப்பேக் திமிங்கிலங்களை இந்த முனையிலிருந்து பார்க்கலாம்.

திரும்பும் வழி வடக்கே, காற்று முதுகில். ஸ்டார்க், ரைசி, சிட்டி ஆஃப் யார்க், லிட்டில் ஆர்ம்ஸ்ட்ராங், பாரகீட் என்று விரிகுடாக்கள் வரிசையாக வரும். எல்லாவற்றிலும் நிற்க முடியாது, இரண்டைத் தேர்ந்தெடுங்கள். சிட்டி ஆஃப் யார்க் என்பது 1899இல் அங்கே உடைந்த கப்பலின் பெயர். ஜியார்டி விரிகுடாவுக்கு வந்துவிட்டால் கடையும் தண்ணீரும் உண்டு. அங்கிருந்து குடியிருப்பு பத்து நிமிடம்.

முழுச் சுற்று வேண்டாதவர்களுக்கு இரண்டு குறுக்கு வழிகள். ஏரிகளைச் சுற்றும் வழி ஒரு மணி நேரத்துக்குள் முடியும், பெரும்பாலும் சமதரை, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஹெர்ஷல் ஏரிக்கும் கவர்மென்ட் ஹவுஸ் ஏரிக்கும் நடுவே கரை மேல் சாலை போகிறது. கோடையில் ஏரி வற்றி ஓரமெல்லாம் உப்புப் பூத்திருக்கும். அந்த விளிம்பில் சைபீரியாவிலிருந்து வந்த சின்ன உள்ளான்கள் கூட்டமாக இரை பொறுக்கும். நெருங்கிப் போய்ப் பறக்கவிடாதீர்கள். திரும்பிப் போகும் பயணத்துக்கு அவை சேர்த்துவைக்கும் கொழுப்பு ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கரைகிறது. இன்னொரு வழி ஆலிவர் ஹில் பீரங்கி மேடு, கலங்கரை விளக்கம், பிறகு சாமன் விரிகுடாவுக்கு இறங்கி பார்க்கர் பாயின்ட் வழியாகத் திரும்புவது. முழுச் சுற்றில் ஏறக்குறைய பாதி. ஆலிவர் ஹில்லில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து 9.2 அங்குலப் பீரங்கியை இன்றும் பார்க்கலாம்.

நிழல் இல்லை என்று சொன்னேன். அதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் தீவின் பெரும்பகுதி ராட்னெஸ்ட் பைன், ராட்னெஸ்ட் டீ மரம், அகேஷியா நிறைந்த காடாக இருந்தது. விறகுக்கும் விவசாயத்துக்கும் வெட்டினார்கள், தீ பிடித்தது, மீண்டும் துளிர்த்ததைக் குவாக்கா என்ற சின்னப் பிராணிகள் மேய்ந்தன. வேலி போட்ட திட்டுகளாக வழியில் தெரிபவை மறுநடவு செய்த மரங்கள். வேலிக்கு அப்பால் சைக்கிளைச் சாய்த்து வைக்க வேண்டாம்.

வண்டி

சொந்தச் சைக்கிளோ வாடகையோ, 32 முதல் 40 மி.மீ. டயர் போதும். 80 கிலோ ஆள், கொஞ்சம் சுமை, 37 மி.மீ. டயர் என்றால் காற்றழுத்தம் முன்னால் 45, பின்னால் 50 பிஎஸ்ஐ சரியாக வரும். இதைவிடக் கடினமாக அடித்தால் சாலையில் சிதறிய சுண்ணாம்புக்கல் துணுக்கில் வண்டி துள்ளும். விரிகுடாக்களின் அருகே சில இடங்களில் மணல் தார்மேல் மெல்லிசாகப் பரவியிருக்கும். பார்வைக்குத் தெரியாது, வளைவில் முன்சக்கரம் வழுக்கிய பிறகுதான் தெரியும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போங்கள். மணல் கனமாக இருந்தால் கைப்பிடியை நேராக வைத்து, உடம்பைப் பின்னால் தள்ளி, மிதிப்பதை நிறுத்தாமல் கடந்துவிடுங்கள்.

வாடகை வண்டி எடுத்தால் கடை வாசலிலேயே ஐந்து நிமிடம் செலவிடுங்கள். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சீட் உயரம். முன்பிரேக்கை மட்டும் பிடித்து வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளக் கூடாது. கியரை மேலும் கீழும் முழுக்க மாற்றிப் பாருங்கள், மிகச் சின்ன கியரில் செயின் சக்கரக் கம்பிப் பக்கம் விழக் கூடாது. டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பூட்டு சேருகிறதா பாருங்கள். ஹெல்மெட் மேற்கு ஆஸ்திரேலியாவில் சட்டப்படி கட்டாயம், தீவில் கார் இல்லை என்பதற்காக விலக்கு கிடையாது. சொந்த வண்டிக்கு ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் நெம்புகோல், பம்ப், செயின் இணைப்புத் துண்டு ஒன்று. மேற்கு முனையில் பஞ்சர் ஆனால் 10, 11 கி.மீ. தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

பலரும் யோசிக்காத ஒன்று. வெயில்பூச்சை ஸ்ப்ரேயாக அடித்துக்கொள்கிறவர்கள், சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று அடிக்காதீர்கள். அந்த எண்ணெய்த் துளி டிஸ்க் பிரேக் தட்டில் படிந்தால், அடுத்த இறக்கத்தில் பிரேக் கீச்சென்று அலறும், ஆனால் பிடிக்காது. தட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்கலாம். தட்டைப் பிடிக்கும் பிரேக் பேடு அந்த எண்ணெயைக் குடித்துவிட்டதென்றால் மேற்பரப்பை உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம், பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். கையில் பூசும் கிரீமே மேல். அதைப் பூசிய கையால் தட்டைத் தொடாமல் இருந்தால் போதும்.

குவாக்கா

1696இல் இங்கே இறங்கிய டச்சு மாலுமி வில்லம் டி விளாமிங் குவாக்காக்களைப் பெரிய எலிகள் என்று எண்ணி ‘எலிக்கூடு’ என்று பெயர் வைத்தார்; அதுதான் ராட்னெஸ்ட். கங்காரு குடும்பத்துச் சின்னப் பிராணி, 3, 4 கிலோ எடை. பகலில் எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே சுருண்டுகொள்ளும். நிறுத்திவைத்த சைக்கிளின் நிழலும் அதற்கு நிழல்தான். வண்டியை எடுக்குமுன் சக்கரத்துக்குக் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். சைக்கிளின் பக்கவாட்டில் தொங்கும் பேனியர் பையைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பும்போது முன்னங்கால் இரண்டும் பைக்குள், வால் மட்டும் வெளியே என்ற நிலையில் ஒன்று நிற்கும். சோற்றுப் பொட்டலத்தின் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே மெல்லும். ஜிப்பைப் பூட்டிவிடுங்கள், பையை வண்டியோடு விட்டுப் போகாதீர்கள். ஊட்டுவதும் தொடுவதும் அபராதத்துக்குரிய குற்றம். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

பொழுது சாய்ந்ததும் அவை சாலைக்கு வந்துவிடும். முகாமிலோ விடுதியிலோ தங்கி இரவில் ஓட்டுகிறவர்கள் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கோடு, மணிக்கு 12 கி.மீ.க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். வெளிச்சத்தைப் பார்த்தால் அவை ஓடாது, நின்றுவிடும். கூடாரம் அடிப்பது அதற்கென உள்ள முகாம் இடத்தில் மட்டும். விரிகுடா ஓரத்தில் எங்கும் அனுமதி இல்லை. நாயையும் கொண்டுவர முடியாது. வெயில் நாள்களில் டுகைட் என்ற விஷப்பாம்பு சாலையைக் கடக்கும்; நின்று வழி விட்டால் போய்விடும்.

இறங்கிய இடத்தைப் பற்றி இதையும் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். 1838 முதல் 1931 வரை இந்தத் தீவு பூர்வகுடி ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் சிறை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பல மூலைகளிலிருந்தும் சுமார் 4,000 பேரைக் கொண்டுவந்தார்கள். 370 பேருக்குக் குறையாமல் இங்கேயே இறந்தார்கள். குடியிருப்பில் நீங்கள் பார்க்கும் பழைய சுண்ணாம்புக்கல் கட்டடங்களும் கடற்சுவரும் அவர்கள் உழைப்பு. ஏரியில் உப்பு வாரியதும் அவர்கள்தான். அவர்களைப் புதைத்த இடம் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பல பத்தாண்டுகள் அதன் மேல் கூடாரம் அடித்து விடுமுறை கழித்திருக்கிறார்கள். அங்கே சைக்கிளோடு போகாதீர்கள். தீவுக்கு வந்ததும் ஒரு கைப்பிடி மணலை எடுத்துக் கடலில் போட்டு, வந்திருக்கிறோம் என்று முன்னோருக்குச் சொல்வது நூங்கர் வழக்கம். வருகிறவர்களும் அதைச் செய்யலாம்.

படகும் திரும்புதலும்

ஃப்ரீமேன்டிலிலிருந்து அரை மணி, ஹில்லரிஸிலிருந்து முக்கால் மணி, பெர்த் பாரக் தெருப் படகுத்துறையிலிருந்து ஆற்று வழியாக ஒன்றரை மணி. சைக்கிளோடு வருகிறவர்களுக்கு ஃப்ரீமேன்டில் வசதி: ரயில் நிலையத்திலிருந்து விக்டோரியா கீ படகுத்துறைக்குச் சமதரையில் ஐந்து நிமிடம். வார நாள்களில் நெரிசல் நேர ரயிலில் சைக்கிளுக்குத் தடை உண்டு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். படகில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம், முன்பதிவிலேயே சேர்க்க வேண்டும். ஊழியர்கள்தான் ஏற்றுவார்கள், பை, புட்டி, பம்ப், மீட்டர் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல சைக்கிள்களை ஒன்றின்மேல் ஒன்று சாய்ப்பதால் பின்கியர் உள்ள பக்கம் அடிபடும். ஏற்றுமுன் செயினைப் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால், செயினை நகர்த்தும் கருவியான டெரெய்லர் உள்ளே தள்ளி நிற்கும். இறங்கியதும் பின்னாலிருந்து குனிந்து பாருங்கள்: டெரெய்லர் தொங்கும் கொக்கி உள்ளே வளைந்திருந்தால் அந்தப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றாமல் ஓட்டுங்கள், மாற்றினால் சக்கரக் கம்பியில் சிக்கிவிடும்.

திரும்பும் படகுக்கு முப்பது நிமிடம் முன்பே துறையில் இருங்கள்.

வந்ததும் வண்டியைப் பார்க்க வேண்டும். தீவில் நல்ல தண்ணீர் அரிது, அங்கே கழுவாதீர்கள். காய்ந்த பிரஷால் மணலைத் தட்டிவிட்டு, செயினைத் துணியில் துடைத்தால் போதும். ஃப்ரீமேன்டிலுக்குத் திரும்பிய அன்றே, மறுநாள் அல்ல, குழாயைச் சன்னமாகத் திறந்து உப்பைக் கழுவுங்கள். அழுத்தத்தோடு பீய்ச்சினால் உப்புத்தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். ரிம் பிரேக்கானால் கட்டையில் பதிந்த மணலை ஊசியால் கிளறி எடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் ரிம்மைக் கீறும். செயின் முழுக்கக் காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். சீட் தண்டை உருவி, துடைத்து, கிரீஸ் பூசித் திரும்பச் செருகுங்கள். அலுமினியமும் இரும்பும் உப்பில் ஒட்டிக்கொண்டால் பிறகு வெளியே வராது.